தியேட்டருக்கு 50, கூத்துக்கு 0: ஒரு பி.காம் கணக்கு

போன வாரம் எங்க கிளாஸ்ல செமினார். தலைப்பு, 'கொரோனாவும் பொழுதுபோக்குத் துறையும்'. நண்பர் ஒருத்தர் பிரமாதமா ஸ்லைடு போட்டிருந்தார். மல்டிபிளெக்ஸுக்கு என்ன நஷ்டம், ஓடிடிக்கு என்ன லாபம், சீரியல் ஷூட்டிங் எப்ப நின்னுச்சு, எல்லாம் கலர் கலரா. கடைசியில யாருக்காவது சந்தேகம் இருக்கான்னு கேட்டாங்க. நான் எழுந்து, "கூத்து எந்த ஸ்லைடுல வருது?"ன்னு கேட்டேன்.

கிளாஸே சிரிச்சிருச்சு. நான் காமெடிக்குக் கேட்கலை. சார் மட்டும் சிரிக்காம, "அது இன்டஸ்ட்ரி இல்லப்பா, கல்ச்சர். நம்ம சிலபஸ்ல வராது"ன்னு சொல்லி உட்கார வெச்சுட்டார். நானும் ஙேன்னு முழிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். பதில் ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்துச்சு. வழக்கம்போல லேட். அந்த பதில்தான் இது. சிரிச்சவங்க கட்டாயம் படிக்கணும். சாரும் படிச்சா சந்தோஷம்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பரமத்தி வேலூர்ப் பக்கம், ஜேடர்பாளையம் ரோட்டுல ஒரு சின்ன ஊர். வெத்தலைக் கொடிக்கால் வெச்சிருக்கற குடும்பம். 2021ல பத்தாவது படிச்சேன். பரிட்சையே எழுதாம பாஸான ஆல்பாஸ் பேட்ச். (அதைச் சொல்லியே அஞ்சு வருஷமா ஓட்டறாங்க, பழகிருச்சு :-))

எங்க பக்கம் மாசியில ஆரம்பிச்சா வைகாசி முடியற வரைக்கும் ஊர் ஊரா அம்மன் நோம்பிதான். நோம்பி சாட்டினா கம்பம் நடுவாங்க, தீர்த்தம் எடுப்பாங்க, பொங்கல் வைப்பாங்க, கடைசியில ஒரு ராத்திரி கூத்து. ராத்திரி பத்து மணிக்கு மேல மிருதங்கமும் முகவீணையும் கேட்க ஆரம்பிச்சா, விடிஞ்சு வெயில் மூஞ்சியில அடிக்கற வரைக்கும் நிக்காது. கட்டையில செஞ்ச கிரீடம், புஜம், மார்புப் பதக்கம், மூஞ்சி நிறைய அரிதாரம். பொம்பளை வேஷமும் ஆம்பளைங்களே கட்டுவாங்க. ஒரு செட்டுல பன்னெண்டுல இருந்து பதினஞ்சு பேர் இருப்பாங்க. டிக்கெட் கிடையாது, சேர் கிடையாது, கூரையும் கிடையாது. ஊர் பணம் போடும், ஊரே பார்க்கும்.

இப்ப பி.காம் மூளைக்கு ஒரு கேள்வி. இந்தத் தொழிலோட வருமானம் எப்போ வருது? அந்த மூணு மூணரை மாசத்துலதான் பெரும்பாகமும் வருது. ஆவணிக்கு மேல அங்கொண்ணு இங்கொண்ணு கிடைக்கும். மத்த நாள்ல கூத்தாடறவர் கொடிக்கால்ல வெத்தலை கிள்ளுவார், கரும்பாலையில வெல்லம் காய்ச்சுவார், கட்டட வேலைக்குப் போவார்.

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அன்னைக்குத் தமிழ்த் தேதி பங்குனி 12. மளிகைக் கடையை ரெண்டு மாசம் மூடினா வருஷத்துல ஆறுல ஒரு பங்கு வியாபாரம் போச்சுன்னு வெச்சுக்கலாம். கூத்துச் செட்டுக்கு அந்த ரெண்டு மாசம் போனா வருஷமே போச்சு. சீசனல் இன்கம்னு நம்ம புத்தகத்துல ஒரு பாரா வருமே, மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, அதுதான் இது.

நிற்க. இனி நான் நேர்ல பார்த்தது.

2021 பங்குனி முதல் வாரம். முதல் அலை ஓய்ஞ்சிருந்துச்சு. எலெக்‌ஷன் பிரச்சார வண்டிங்க மைக் கட்டிக்கிட்டுச் சுத்திட்டு இருந்த நேரம். பக்கத்து ஊர்ல ஒரு சின்ன அம்மன் கோயில்ல கூத்துன்னு கேள்விப்பட்டு எங்க அப்பாரு டிவிஎஸ் ஃபிப்டியில என்னை உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனார். ஒரு வருஷமா திரை கட்டாத செட்டு. வாத்தியாருக்கு அறுபது தாண்டியிருக்கும். அன்னைக்கு அரிச்சந்திரன் கதை.

ஊர்க்காரங்க பாதுகாப்பா நடத்தணும்னு சுண்ணாம்புல வட்டம் வட்டமா போட்டு வெச்சிருந்தாங்க. பாதிப் பேர் வட்டத்துல உட்கார்ந்தாங்க. மீதிப் பேர் வட்டத்து மேலயே கோரைப்பாயை விரிச்சுப் படுத்துட்டாங்க. பொய் சொல்ல விரும்பலை, அதான் நடந்துச்சு. மொத்தம் நூத்தம்பது பேர் இருந்திருப்பாங்க. மத்த வருஷம் அந்த இடத்துல கால் வைக்க இடம் இருக்காது.

ஆனா செட்டு ஒழுங்கா இருந்துச்சு. இருமல் இருந்த ரெண்டு பேரை வாத்தியார் வரவே வேண்டாம்னு சொல்லிட்டாராம். எப்பவும் ஒரே தட்டுல அரிதாரம் குழைச்சு எல்லாரும் எடுப்பாங்க. அன்னைக்கு ஆளுக்கொரு கொட்டாங்குச்சி. பாடி முடிச்சு நகர்ந்தா அடுத்தவர் வர்றதுக்குள்ள ஒரு பையன் ஓடி வந்து மைக்கைத் துணியால துடைப்பான். முகவீணைக்காரர் மாஸ்க் போட முடியாது, அதனால அவரைத் தனியா ஒரு ஓரத்துல உட்கார வெச்சிருந்தாங்க. கட்டியங்காரன் மட்டும் மாஸ்க்கோட வந்து, "ராசா மூஞ்சியப் பாக்கறதுக்குத்தானுங்க காசு குடுத்தீங்க? அதையே மூடச் சொன்னா நானென்னத்தைக் காட்டறது?"ன்னு கேட்டுட்டுக் கழட்டினார். ஊரே சிரிச்சுது.

கடன் வசூலிக்க வர்ற நட்சத்திரேயன் வேஷக்காரர் அன்னைக்குக் குழு லோன்காரங்க மாதிரியே பேசினார். "கொரோனாவா? அதெல்லாம் உங்க ஊட்டுக் கதை. வெள்ளிக்கிழமை ஆனாத் தவணை வரோணும்"ன்னதும் பொம்பளைங்க பக்கம் அப்படி ஒரு சத்தம். 2020ல ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் தவணைக்கு அவகாசம் குடுத்தது நமக்கெல்லாம் பாடத்துல வரும். கைமாத்துக் கடனுக்கும் வட்டிக்காரருக்கும் அந்த அவகாசம் எந்த ஊர்லயும் வரலை.

விடியக்காலம் மயான காண்டம். சந்திரமதி செத்த புள்ளையத் தூக்கிட்டு வர்றா. சுடுகாட்டுக் காவல் காக்கற அரிச்சந்திரன், அவ தன் பொண்டாட்டின்னே தெரியாம, கால் பணமும் முழத்துண்டும் வெச்சாத்தான் எரிக்க விடுவேன்னு நிக்கறான். மத்த வருஷம் இந்த இடத்துல பாதிப் பேர் தூங்கிட்டிருப்பாங்க. அன்னைக்கு ஒருத்தரும் தூங்கலை. முந்தின வருஷம் அந்த ஊர்ல ஒருத்தரைப் பையில சுத்தி, மூஞ்சியைக்கூடக் காட்டாம நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அவரோட சம்சாரம் முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. வாய்விட்டு அழுதாங்க. பக்கத்துல இருந்தவங்களும் சேர்ந்து அழுதாங்க. வீட்டுக்கு வந்து ஆத்தாகிட்டச் சொன்னேன். "ஒரு வருசமா அடக்கி வெச்சிருந்திருப்பா. அழுவறதுக்கு ஒரு எடம் வேணுமல்ல சாமி"ன்னாங்க.

ஓடிடி ஸ்லைடுல இதை எந்தக் கட்டத்துல போடுவீங்க நண்பரே?

விடிஞ்சதும் வாத்தியார் தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தை வழிச்சுக்கிட்டிருந்தார். எங்க அப்பாரு போய்ப் பேசினார். "சித்திரை நோம்பிக்கு நம்மூருக்கு வந்துருங்க வாத்தியாரே."

"வராம எங்க போறமுங்க. பெட்டியத் தூக்கி அட்டாலியில போட்டு ஒரு வருசமாச்சு. சம்சாரத்து தோடு பேங்க்ல இருக்குது. இந்தக் கிரீடத்த வெச்சா எந்தப் பேங்க்ல பணம் குடுக்கறாங்க, சொல்லுங்க?"ன்னு கிரீடத்தைத் தட்டிக் காட்டிச் சிரிச்சார். அப்புறம் என்னைப் பார்த்து, "கண்ணு என்ன படிக்கறீங்க?"ன்னார். பத்தாவதுன்னேன். "நல்லாப் படிங்க. கணக்கு நல்லாப் படிங்க"ன்னார்.

28,000 ரூபாய் பேசினாங்க. அடுத்த வாரம் 5,000 அச்சாரம் குடுத்தாச்சு.

ஏப்ரல் 6 சட்டசபைத் தேர்தல் ஓட்டுப்பதிவு. ஏப்ரல் 8 புது கட்டுப்பாடுகள் அறிவிச்சாங்க, 10ஆம் தேதியில இருந்து அமல். அதுல யார் யாருக்கு என்னன்னு பாருங்க:

1. சினிமா தியேட்டர்: 50 சதவீத இருக்கை.
2. கல்யாணம்: 100 பேர்.
3. சாவு: 50 பேர்.
4. உள் அரங்கத்துல நடக்கற அரசியல், கல்வி, பொழுதுபோக்கு, கலாச்சார நிகழ்ச்சி: 200 பேர் வரைக்கும்.
5. திருவிழா: தடை.

எங்க கூத்து அந்த அஞ்சாவது வரிக்குள்ள போயிருச்சு. கூரையும் சுவரும் இருந்தா 200 பேர் கலை நிகழ்ச்சி பார்க்கலாம். கூரையே இல்லாத மைதானத்துல நூறு பேர்கூடப் பார்க்கக் கூடாது. மூடின அறையிலதான் இந்த நோய் அதிகமாப் பரவும், திறந்தவெளியில குறைவுன்னு அதுக்குள்ள உலகத்துக்கே தெரிஞ்சிருந்துச்சு. ஏசி தியேட்டருக்கு 50, காவிரிக் காத்து அடிக்கற களத்துக்கு 0.

அதுக்கு முன்னாடி நடந்ததையும் சேர்த்துப் பாருங்க. 2020 மே 7, சென்னை தவிர தமிழ்நாடு முழுக்க டாஸ்மாக் திறந்தாங்க. ஐகோர்ட் மூடச் சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் மே 16 மறுபடியும் திறந்தாங்க. 2020 நவம்பர் 10 தியேட்டர் திறந்தாங்க. 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' வரும்போது, ஜனவரி 4ஆம் தேதி 100 சதவீதம் இருக்கைன்னே உத்தரவு போட்டாங்க. மத்திய அரசு ஆட்சேபிச்ச பிறகுதான் நாலு நாள்ல வாபஸ். மார்ச் முழுக்க கட்சிக் கூட்டம், வேன் வெச்சு ஆள் கூட்டிட்டு வந்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் பேச ஆள் இருந்தாங்க. கூத்துக்குப் பேச யார்? அந்த ஏப்ரல்ல பல மாவட்டத்துல நாட்டுப்புறக் கலைஞர்கள் வேஷம் கட்டிக்கிட்டு, பறை அடிச்சுக்கிட்டு, ஆட்சியர் ஆபீஸ் வாசல்ல மனுவோட நின்னாங்க. பேப்பர்ல போட்டோ நல்லா வந்துச்சு. அவ்வளவுதான்.

இன்னொரு கொடுமை. அதே காலத்துல ஊர் ஊரா கொரோனா விழிப்புணர்வுன்னு எமதர்மன் வேஷம் கட்டி ரோட்டுல நிறுத்தினாங்க. எமன் வேஷத்துக்கு மட்டும் கலைஞர் வேணும். கலைஞருக்குச் சோறு?

இப்ப சில பேர் கேட்பீங்க. எங்க கிளாஸ்லயே டீக்கடையில கேட்டாங்க. "அப்ப உயிர் முக்கியமா, கூத்து முக்கியமா?"

உயிர்தான் முக்கியம். அதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்லை. 2021 மே மாசம் தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,000 பேருக்கு மேல தொற்று வந்துச்சு. ஆக்ஸிஜனுக்கு அலைஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க ஊர்ல அந்தச் சித்திரையில கூத்து நடந்திருந்தா, கூத்தாடினவர்ல இருந்து பார்த்தவர் வரைக்கும் எத்தனை பேர் போயிருப்பாங்களோ. அந்த ஏப்ரல்ல கூத்தை நிறுத்தினது சரின்னுதான் நானும் சொல்வேன். சுண்ணாம்பு வட்டத்து மேல பாய் விரிச்சதை நானே பார்த்தவன்.

என் சண்டை மூடினதுக்கு இல்லை. மூடினதோட செலவை யார் தலையில எழுதினாங்கங்கறதுதான் சண்டை. ஊர் நன்மைக்காக ஒருத்தர் தொழிலை நிறுத்தச் சொன்னா, அதோட நஷ்டம் அவரோடதா, ஊரோடதா?

இது ஒண்ணும் புதுக் கேள்வி இல்லை. நம்ம அரசாங்கமே வருஷா வருஷம் இதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் இருக்கு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கம் பண்ற காலம், அதனால எல்லாருக்கும் நன்மை. ஆனா "போகாதே"ன்னு மட்டும் சொல்லி விடறதில்லை. மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் தர்றாங்க. நானே நிறுத்தச் சொல்றேன், அதனால நானே தர்றேன்னு ஒரு அரசாங்கம் ஒத்துக்கற இடம் அது. அந்த 61 நாளையும் கூத்து சீசனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒரே மாசங்கள். கடலுக்கு ஒரு நியாயம் இருக்குன்னா களத்துக்கும் அதே நியாயம்தானே?

வெளிநாட்டுக் கதையும் கொஞ்சம். ஜெர்மனியில பெர்லினர் ஆன்சாம்பிள்னு ஒரு நாடக அரங்கம், பிரெக்ட் ஆரம்பிச்சது. 2020ல 700 இருக்கையில 500ஐப் பிடுங்கி எடுத்துட்டு 200 பேருக்கு நாடகம் போடத் தயாரானாங்க. கலைத்துறைக்கு அந்த நாட்டு அரசு 100 கோடி யூரோ ஒதுக்குச்சு. இங்கிலாந்துல 157 கோடி பவுண்டு. "அவங்க பணக்கார நாடு"ன்னு சொல்வீங்க. சரி, பணக்காரங்க ஆகறதுக்கு முன்னாடி என்ன பண்ணினாங்க? 1603ல லண்டன்ல பிளேக். நாடக அரங்கத்தை எல்லாம் மூடிட்டாங்க. வாரத்துக்கு 30 பேருக்குக் கீழ சாவு இறங்கினாத் திறக்கலாம்னு அந்தக் காலத்துலயே எண் வெச்சுப் பேசியிருக்காங்க. 1604 பிப்ரவரியில ஷேக்ஸ்பியர் இருந்த அதே நாடகக் குழுவுக்கு, ஆட முடியாம இருந்ததுக்காக, அரசர் ஜேம்ஸ் 30 பவுண்டு குடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத, தடுப்பூசி இல்லாத காலத்துல ஒரு ராஜாவுக்குத் தோணியிருக்கு.

நம்ம நாட்டுல ஒண்ணுமே வரலையான்னா, வந்துச்சு. எல்லா ரேஷன் கார்டுக்கும் வந்த மாதிரி 1,000 ரூபாயும் அரிசியும் வந்துச்சு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குன்னு 2007ல இருந்து நல வாரியம் இருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா அட்டை இருக்கறவருக்குத்தான் அதுல ஏதாவது வரும். 2020ல சிறு குறு தொழிலுக்குன்னு 3 லட்சம் கோடிக்கு உத்தரவாதக் கடன் அறிவிச்சாங்க, அதுக்கு ஏற்கனவே பேங்க்ல கடன் கணக்கு வேணும். தெரு வியாபாரிக்கு 10,000 ரூபாய் கடன் திட்டம் கொண்டு வந்தாங்க, அதுவும் நல்ல திட்டம். தெருவுல விக்கறவர் கண்ணுக்குத் தெரியறார். தெருவுல ஆடறவர் தெரியலை. சார் சொன்ன 'இன்டஸ்ட்ரி இல்லப்பா'ங்கற அந்த ஒரு வாக்கியத்தோட விலை இதுதான். பில் இல்லை, ஜிஎஸ்டி இல்லை, பேலன்ஸ் ஷீட் இல்லை. அதனால பதினஞ்சு பேர் ராத்திரி முழுக்கக் கத்திக் கத்திச் சம்பாதிக்கற கூலி, கணக்குல கூலியாவே வராது.

விருது தர்றாங்களேன்னு கேட்காதீங்க. 2025ல புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க, மனசார சந்தோஷம். எங்க சேலம் ஜில்லாவுல, மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில மு. ஹரிகிருஷ்ணன் களரின்னு அமைப்பு வெச்சு, மணல்வீடுன்னு பத்திரிகை நடத்தி, கூத்துக் கலைஞர்களுக்கு விழா எடுத்து மரியாதை பண்ணிட்டு இருக்கார். ஒரு தனி மனுஷன் செய்யறது. ஆனா விருதும் மரியாதையும் வேற, கூலி வேற. தோட்டை மீட்க மரியாதை உதவாது.

இவ்வளவு நேரம் அரசாங்கத்தைத் திட்டியாச்சு. அது சுலபம். இனிமேதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

ஏப்ரல் 10க்கு அப்புறம் எங்க ஊர்ல கூட்டம் போட்டாங்க. அம்மனுக்குப் பூசாரி மட்டும் பூஜை பண்றது, கூத்து இல்லைன்னு முடிவாச்சு. சரியான முடிவு. அடுத்த பேச்சு, அந்த 5,000 அச்சாரம். "நோம்பிப் பணமுங்க. ஊர்ப் பொதுப் பணம். கேட்டு வாங்கித்தான் ஆவோணும்"னு ஒருத்தர் சொன்னார். யாரும் மறுத்துப் பேசலை. எங்க அப்பாருவும் பேசலை. போன் பண்ணிச் சொன்னாங்க.

மூணாவது நாள் வாத்தியாரே பஸ் ஏறி வந்தார். மாஸ்க் போட்டுக்கிட்டு, கோயில் திண்ணைக்குக் கொஞ்சம் தள்ளியே நின்னு, பணத்தைத் தட்டுல வெச்சார். எல்லாம் நூறு ரூபாய், அம்பது ரூபாய் நோட்டு. அப்பாரு எண்ணினார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க வாத்தியாரே"ன்னாங்க. "இல்லீங்க, பஸ்சுக்கு நேரமாச்சு"ன்னு கிளம்பிட்டார்.

நோம்பிக் கணக்கு நோட்டு எழுதறது நான். கையெழுத்து நல்லா இருக்குன்னு அந்த வருஷம்தான் எங்கிட்ட குடுத்திருந்தாங்க. 'கூத்து அச்சாரம் திரும்ப வரவு, ரூ. 5,000' அப்படின்னு எழுதினேன். என் வாழ்க்கையில நான் போட்ட முதல் கணக்குப் பதிவுகள்ல அதுவும் ஒண்ணு. அன்னைக்கு எனக்கு எதுவும் தோணலை. கூட்டல் சரியா வந்துச்சான்னுதான் பார்த்தேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி பிசினஸ் லா வகுப்புல 1872 ஒப்பந்தச் சட்டம் எடுத்தாங்க. பிரிவு 56, செய்ய முடியாமப் போன ஒப்பந்தம் செல்லாது. பிரிவு 65, செல்லாமப் போன ஒப்பந்தத்துல ஒருத்தர் வாங்கினதைத் திருப்பிக் குடுக்கணும். அப்பத்தான் சுருக்குன்னுச்சு. சட்டப்படி நாங்க செஞ்சது சரி! வக்கீல் வெச்சாலும் நாங்கதான் ஜெயிப்போம்.

அதே பாடத்துல ஒரு கேஸ் வரும், எல்லாரும் படிச்சிருப்பீங்க. கிரெல் எதிர் ஹென்றி, 1903. ஏழாம் எட்வர்டு முடிசூட்டு ஊர்வலம் பார்க்க லண்டன்ல ஒருத்தர் வீட்டு அறையை 75 பவுண்டுக்கு வாடகை பேசி, 25 பவுண்டு அச்சாரம் குடுத்தார். ராஜாவுக்கு வயித்துல ஆபரேஷன், ஊர்வலம் தள்ளிப் போயிருச்சு. மீதி 50 பவுண்டு தர வேண்டியதில்லைன்னு தீர்ப்பு. பரிட்சைக்கு இதோட நிறுத்திருவோம். ஆனா அந்த 25 பவுண்டு என்னாச்சு? அது வீட்டுக்காரர்கிட்டயே தங்கிருச்சு. வெறும் ஜன்னலை வாடகைக்கு விட்டவர்கிட்டயே அச்சாரம் தங்கியிருக்கு. ஒரு வருஷம் பட்டினி கிடந்து, அட்டாலியில இருந்து பெட்டியை இறக்கின செட்டுகிட்ட நாங்க கேட்டு வாங்கிட்டோம்.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதைச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரையே பொய். அந்த வருஷம் எங்களுக்கும் அடிதான். கல்யாணம் இல்லை, கோயில் இல்லைன்னா வெத்தலையை யார் வாங்குவா? நூறு வெத்தலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. சுமையைக் கொண்டுபோய் வேலூர் ஏலத்துல இறக்கினா ஆள் கூலிக்கே கட்டலை. ஆனா 2021 பிப்ரவரி 5ஆம் தேதி தமிழ்நாடு அரசு கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி பண்ணுச்சு. அதுல எங்க அப்பா கடனும் இருந்துச்சு. வீட்டுல பாயசம் வெச்சாங்க. எங்க நஷ்டத்துக்கு ஒரு பேர் இருந்துச்சு, பயிர்க்கடன்னு. சொசைட்டியில ஒரு கணக்கு எண் இருந்துச்சு. அதனால தள்ளுபடி ஆச்சு. பிப்ரவரியில ஊர்ப் பணத்துல கடன் தீர்ந்த நாங்க, ஏப்ரல்ல ஊர்ப் பணம்னு சொல்லி 5,000ஐ எண்ணி வாங்கினோம்.

அரிச்சந்திரன் வேஷம் கட்டினவர் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். நாங்க நட்சத்திரேயன் வேஷம் கட்டினோம்.

சரி, என்னதான் பண்ணலாம்கறே? அடுத்த நோய் வராதுன்னு எந்த டாக்டரும் சொல்லலை. அதனால இப்பவே:

1. அடுத்த முறை கட்டுப்பாடு எழுதும்போது திறந்தவெளி நிகழ்த்துகலைக்குன்னு தனியா ஒரு வரி எழுதுங்க. நிலைமையைப் பொறுத்து அந்த எண் 200 ஆகட்டும், 50 ஆகட்டும், 0 ஆகட்டும். 0ன்னா பக்கத்துலயே நிவாரணம் எவ்வளவுன்னு எழுதணும். மீன்பிடித் தடைக்காலம் மாதிரி.

2. நல வாரியத்துல தனி ஆளை மட்டும் இல்லாம செட்டையும் ஒரு தொழிலாப் பதிவு பண்ணணும். வருஷத்துல எத்தனை ராத்திரி ஆடினாங்கன்னு ஊர்ப் பஞ்சாயத்து ஒரு சீட்டுல கையெழுத்துப் போட்டாப் போதும், அதுதான் அவங்க டர்ன்ஓவர். பேங்க்காரருக்குக் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

3. இது அரசாங்கத்துக்கு இல்லை, நமக்கு. நோம்பிக் கமிட்டியில பேசி ஒரு வரி தீர்மானம் போடலாம்: எந்தக் காரணத்துனால கூத்து நின்னாலும் அச்சாரம் திரும்பக் கேட்கறதில்லை. பிரிவு 65 அப்படியே இருக்கட்டும். சட்டம் திருப்பி வாங்கிக்கலாம்னு உரிமைதான் குடுக்குது, வாங்கியே ஆகணும்னு கட்டாயப்படுத்தலை.

நம்ம கிளாஸ் மக்களுக்கு நாலாவதா ஒண்ணு. நாம நாளைக்கு ஆடிட்டர் ஆபீஸுக்கும் பேங்க்குக்கும்தான் போகப் போறோம். செட்டுங்களுக்கு அந்த வாரிய விண்ணப்பத்தை நிரப்பிக் குடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை போதும். நான் ஆரம்பிச்சுட்டேன். போன மாசம் ரெண்டு பேருக்கு எழுதிக் குடுத்தேன். ஒருத்தருக்கு ஆதார்ல ஒரு பேர், ரேஷன் கார்டுல ஒரு பேர், கூத்துல ஒரு பேர். மதியம் வரைக்கும் அதுக்கே போச்சு :-)

அந்த வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். செட்டு கலைஞ்சு போச்சு. மிருதங்கக்காரர் திருப்பூர் போயிட்டார். பொம்பளை வேஷம் கட்டினவர் கோழிப்பண்ணையில இருக்கார். வாத்தியார் கொடிக்கால் வேலைக்குப் போறார், கூப்பிட்டா வேற செட்டுல ஒரு ராத்திரி ஆடறார். நான் யாருன்னு சொன்னேன். அடையாளம் தெரியலை. ஊர் பேரைச் சொன்னதும், "ஓ, அந்தூருங்களா"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. நானும் அச்சாரத்தைப் பத்திப் பேச்சு எடுக்கலை. வெத்தலை கொடுத்தார், போட்டுக்கிட்டேன்.

எங்க ஊர் அடுத்த நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம்னு பசங்க எல்லாம் ஒரு பக்கம் நிக்கறாங்க. நானும் பசங்கள்ல ஒருத்தன்தான், ஆனா கூத்துன்னு நிக்கறேன். அப்பாரு என் பக்கம். அவர் வாயைத் திறந்து, "அந்த அஞ்சாயிரத்த மொதல்ல அவருக்குக் குடுத்துட்டுத்தான் மத்த பேச்சு"ன்னு கூட்டத்துல சொல்லிட்டார். இன்னும் முடிவாகலை. முடிவானா நோட்டுல நான்தான் எழுதணும்.

டிஸ்கி: செமினார் போட்ட நண்பருக்கு ஒண்ணு. ஸ்லைடு நிஜமாவே நல்லா இருந்துச்சு, கோச்சுக்காதீங்க. பன்னெண்டாவது ஸ்லைடுக்கும் பதிமூணாவதுக்கும் நடுவுல ஒரு இடம் காலியா இருக்கு, அவ்வளவுதான்.